மண்டையோட்டுச் சீரமைப்பு: எலும்பைவிடத் தோலே சவால்

புனே பாரதி மருத்துவமனையில் 2018-ஆம் ஆண்டு, விபத்தில் மண்டையோடு சிதைந்த நான்கு வயதுச் சிறுமிக்கு, சேதமடைந்த சுமார் 60 சதவீதப் பகுதிக்குப் பதிலாக, அவரது தலையின் அளவுக்கேற்ப அமெரிக்க நிறுவனம் ஒன்று முப்பரிமாண முறையில் உருவாக்கிய பாலிஎத்திலீன் எலும்பு பொருத்தப்பட்டது. இந்தியாவில் இத்தகைய சிகிச்சை இதுவே முதல்முறை என அப்போது தெரிவிக்கப்பட்டது.

இத்தகைய செயற்கை எலும்பு நிலைப்பது அதன் மேலுள்ள தோலைப் பொறுத்தது. தோல் பிரிந்து கிருமி தொற்றினால், பொருத்தியதை அகற்ற நேரிடலாம். தலைத்தோலோ எளிதில் நீளாதது. ஏறத்தாழ 3 செ.மீ. வரையிலான குறையைப் பெரும்பாலும் நேரடியாகத் தைத்துவிடலாம். பெரிதெனில், அருகிலுள்ள தோலை இரத்த ஓட்டம் அறாமல் நகர்த்தி மூடுவர். எலும்பை ஒட்டிய சவ்வு எஞ்சியிருந்தால் தொடைத்தோலை ஒட்டலாம். அங்கு தலைமுடி வளராது. சவ்வும் போய்விட்டால் ஒட்டிய தோல் பிழைப்பது அரிது. அந்நிலையில் முதுகு அல்லது தொடையின் திசுவை இரத்தக்குழாய்களுடன் எடுத்து, நுண்ணோக்கி உதவியுடன் தலையில் இணைப்பர்.

முடியும் வேண்டுமெனில், எஞ்சிய தலைத்தோலுக்கு அடியில் பலூன் போன்ற பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்வர். அதுவரை தலை புடைத்தே காணப்படும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இக்காலமே கடினமானது.