சாங்தாங் இடையர்கள்

காஷ்மீரத்துச் சால்வையின் பெருமை உலகறிந்தது. ஆனால் அதற்கு மூலமான பஷ்மினா உரோமம், லடாக்கின் கிழக்கே 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பரந்துள்ள சாங்தாங் பீடபூமியிலிருந்து வருகிறது என்பதைப் பலர் அறியார். அங்கே வெள்ளாடும் செம்மறியும் யாக் என்னும் எருதும் மேய்த்து வாழ்வோர் சாங்பா என்னும் இடையர்கள். வரலாறு போதித்தவன் என்ற முறையில், அவர்களைப் பற்றி நேயர்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

இவ்வுரோமம் அரசர்களையே ஆட்டி வைத்தது. மேற்குத் திபெத்தின் உரோமம் லடாக் வழியாகக் காஷ்மீரத்துக்குச் செல்வதை 1684-இல் திங்மோஸ்காங் உடன்படிக்கை உறுதிசெய்தது. 1841-இல் ஜோராவர் சிங் திபெத்தின்மீது படையெடுத்தமைக்கும் இவ்வணிகம் ஒரு காரணம். அரசுகள் மாறியபோதும் இடையர் வாழ்வு மாறவில்லை. ஓரிடத்தில் புல் குறைந்தால் வேறிடம் பெயர்வதே அவர்கள் கண்ட வழி. எந்தக் குடும்பம் எங்கே மேய்ப்பது என்பது கோபா என்னும் தலைவர் முன்னிலையில் முடிவாகும். வானம் பொய்த்தாலும் கால்கள் காப்பாற்றும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு இருமுனையிலிருந்தும் இடையூறு நேர்ந்தது. 1959-க்குப் பின் திபெத்திலிருந்து அகதிகள் தம் மந்தைகளுடன் வந்து சேர்ந்தனர். 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் எல்லையோர மேய்ச்சல் நிலங்கள் சில எட்டாதவையாயின. மந்தைகள் பெருகின; நிலம் சுருங்கியது.

இந்நிலையில் தட்பவெப்பமும் மாறத் தொடங்கிற்று. குளிர்காலத்துப் பனி குறைந்தால், அது உருகித் தரும் ஈரமின்றி வேனிலில் புல் தழைப்பதில்லை. பனி அளவுகடந்து பெய்தாலோ புல்லெல்லாம் புதைந்துவிடும். 2012-13 குளிர்காலத்தில் அவ்வாறு பெய்த பனியில் ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் மடிந்தன. ஆடு குட்டி ஈனும் பருவமும் அதுவே என்பதை எண்ணிப் பார்த்தால், இழப்பின் கொடுமை விளங்கும்.

இடையர்கள் சோர்ந்திருக்கவில்லை. தீவனத்தை விலைகொடுத்து வாங்கிச் சேமிக்கின்றனர். அரசும் தீவனம் வழங்குகிறது. ஆயினும் கர்னக் பகுதியினர் பலர் ஆடுகளை விற்றுவிட்டு, லே நகரத்தின் ஓரத்தில் குடியேறிவிட்டனர். பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி ஆகியவையும் அதற்குக் காரணங்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

தீவனம் ஒரு குளிர்காலத்தைக் கடக்க உதவும். தலைமுறைகளைக் காத்தது இடம்பெயரும் சுதந்திரமே. மேய்ச்சல் நிலமும் அங்கேயே பள்ளியும் மருத்துவமும் கிடைத்தால், மாறிவரும் வானத்தையும் அவர்கள் சமாளிப்பர் என்பதே என் துணிபு.