வினையூக்கி மாற்றி: எந்த வாகனத்தில், எப்போதிருந்து

எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகையை, காற்றில் கலக்கும் முன்பே தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி வினையூக்கி மாற்றி. பட்டறைகளில் இதைக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பார்கள். புகைக்குழாயில் பொருத்தப்படும் இதன் உள்ளே, நுண்துளைகள் நிறைந்த பீங்கான் அல்லது உலோகக் கட்டி ஒன்று இருக்கும். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் கார், பைக், ஆட்டோ, பஸ், லாரி என இன்றைய புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எந்த வண்டி எப்போது இதைப் பெறும் என்பதைச் சட்டத்துக்கும் முன்பாகத் தீர்மானித்தது, அந்த வண்டி குடித்த எரிபொருள்தான்.

கச்சா எண்ணெயை வினையூக்கியால் பிளந்து உயர்தரப் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்ட பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, 1930இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் காரணம் என்று வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் ஆய்வால் காட்டினார். அந்தப் புகையைக் குறைக்கப் பெட்ரோல் எஞ்சினுக்கான மாற்றி ஒன்றை உருவாக்கிய ஹூட்ரி 1956இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கார்களில் அதைப் பொருத்த வழியில்லை. எஞ்சின் இடிப்பைத் தடுக்க 1920களிலிருந்தே பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. அந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. அதனால் மாற்றி முதலில் போய்ச் சேர்ந்த இடம் கிடங்குகள். ஈயம் கலக்காத மலிவுப் பெட்ரோலில் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளே இதை முதலில் சுமந்தன.

அமெரிக்கா 1970இல் இயற்றிய தூய காற்றுச் சட்டம் நிலைமையைப் புரட்டிப்போட்டது. 1974 முதல் பெரிய பெட்ரோல் நிலையங்கள் ஈயமற்ற பெட்ரோலை விற்றாக வேண்டியிருந்தது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை மாற்றியுடன் வந்தன. ஹோண்டாவின் சிவிசிசி எஞ்சின் மாற்றி இல்லாமலே அந்தச் சட்டத்தின் புகை வரம்புக்குள் நின்றது குறிப்பிடத்தக்க சாதனை. கருவியைக் காப்பாற்றத்தான் ஈயத்தை நீக்கினார்கள் என்றாலும், அதனால் கிடைத்த பெரிய நன்மை குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்ததே. இந்தக் கருவி செய்த மிகப் பெரிய தொண்டு அதுதான் என்று சொல்லலாம்.

தொடக்கக் கால மாற்றிகள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் மட்டுமே கையாண்டன. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்துக் குறைக்கும் மும்முனை மாற்றியை, ஆக்சிஜன் உணரியுடன் இணைத்து 1977 மாடல் கார்களில் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தது வால்வோ. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் பிசகாமல் இருந்தால்தான் இது வேலை செய்யும். கார்புரேட்டர் மெல்ல மறைந்ததற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு மாற்றி கட்டாயமானது; ஈயமற்ற பெட்ரோலும் அங்கே கிடைக்கத் தொடங்கியது. சென்னைக் கார் ஒன்று தொலைதூர ஊரில் ஈயப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டால் மாற்றி பாழாகும் நிலை, 2000இல் நாடு முழுவதும் ஈயம் நீங்கும்வரை இருந்தது. இருசக்கர வாகனங்களில் மாற்றி படிப்படியாகப் பரவியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 (பிஎஸ்-6) என்ற புகை விதி வந்தபோது பைக்குகளுக்கும் எரிபொருள் உட்செலுத்தியும் ஆக்சிஜன் உணரியும் வந்து சேர்ந்தன.

டீசல் வண்டிகளைத் தடுத்தது கந்தகம். டீசல் புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதால் மும்முனை மாற்றி அங்கே பயன்படாது. ஆக்சிஜனேற்ற வினையூக்கி, கரித்துகள் வடிகட்டி, யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு என வரிசையாகப் பல கருவிகள் தேவை. இவை நீடித்து உழைக்க டீசலில் கந்தகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்தியாவில் அதன் வரம்பு பிஎஸ்-3இல் பத்து லட்சத்தில் 350 பங்கு, பிஎஸ்-4இல் 50, பிஎஸ்-6இல் 10. இன்றைய லாரிகளிலும் பஸ்களிலும் டீசல் டேங்குடன் யூரியாக் கரைசலுக்கெனத் தனி டேங்க் இருப்பது அந்த யூரியா அமைப்புக்காகத்தான்.

மின்சார வாகனங்களுக்கு மாற்றி தேவையில்லை. ஹைபிரிட் கார்களுக்கு உண்டு. எஞ்சின் அடிக்கடி நின்று இயங்குவதால், மாற்றி ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றில் கூடுதல் வேலை. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் அதை நிறுத்தியது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலிலேயே பறக்கின்றன. அவற்றில் மாற்றி இல்லை.