பொறியும் நெருக்கலும்: பெற்றோல் எஞ்சினின் எரிபற்றல் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

பெற்றோல் எஞ்சின் பொறியால் எரிவது, டீசல் எஞ்சின் நெருக்கலால் எரிவது என்னும் பாகுபாட்டை நாம் பாடசாலையிலேயே கற்றுவிடுகின்றோம். வரலாற்றை நோக்கின், இப்பாகுபாடு அத்துணைத் தெளிவாகத் தொடங்கியதன்று. 1860இல் லெனுவார் தமது வாயு எஞ்சினில் மின்பொறியைக் கையாண்டார். 1876இல் ஒட்டோ சுவாலையையே உருளைக்குள் புகுத்தினார். டைம்லரோ செஞ்சூடேறிய குழாயை நம்பினார். 1902இல் பொஷ் நிறுவனத்து ஹொனொல்ட் ஆக்கிய உயர்வோல்ற்று மக்னெற்றோவே மின்பொறியின் ஆட்சியை நிலைநாட்டியது எனலாம். அதற்கு முன்னரே, 1897இல், டீசலின் எஞ்சின் பொறி ஏதுமின்றி, நெருக்குண்ட காற்றின் சூட்டினாலேயே எரிபொருளைப் பற்றவைத்து, வெப்பத்திற் கால்பங்கிற்குச் சற்று மேலானதை வேலையாக மாற்றிக் காட்டிற்று.

இச்சிக்கனத்திற்கு உயர்ந்த நெருக்கல் விகிதம் முக்கிய காரணமாகும். பெற்றோலையும் அவ்வாறே நெருக்கலாகாதோ எனின், தடையாய் நின்றது தட்டொலி. சுவாலை சென்றடையுமுன் உருளையின் கோடியிலுள்ள கலவை தானாகவே பற்றி வெடிப்பதால் எழுவது அது. 1921இல் மிட்ஜ்லி நாலெதைல் ஈயத்தைச் சேர்த்து அதனை அடக்கினார். அதற்குக் கொடுக்கப்பட்ட விலையை எஞ்சின் வரலாற்று நூல்கள் பல விரைந்து கடந்துவிடுகின்றன. 1924இல் நியூ யேர்சியில் அப்பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். எனினும் அது விற்பனையில் நிலைத்தது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021இற் கைவிட்டது.

இங்ஙனம் பகையெனக் கருதப்பட்ட தன்னெரிபற்றலையே துணையாகக் கொள்ளலாம் என 1979இல் யப்பானியராகிய ஒனிஷியும் அவர்தம் குழுவினரும் ஈரடிப்பு எஞ்சினிற் காட்டினர். 1983இல் அமெரிக்காவில் நஜ்ற், பொஸ்ரர் ஆகியோர் நாலடிப்பு எஞ்சினிலும் அதனை நிகழ்த்தினர். காற்று மிகுந்த கலவை, உருளையெங்கும் ஏறத்தாழ ஒருங்கே, தாழ்ந்த வெப்பநிலையில் எரியும். நைதரசன் ஒட்சைட்டுகளும் குறையும். ஆயின் எரியும் கணத்தை ஆள்வது யார்? பொறியுமில்லை, டீசலிற்போல் உரிய கணத்தில் எரிபொருளைப் பீச்சுதலுமில்லை. காற்றின் வெப்பநிலை சற்று மாறினும் எரிபற்றல் முந்தும் அல்லது பிந்தும். பல்லாண்டுகளாக இம்முறை ஆய்வுகூடத்தைவிட்டு வெளிவர இயலாமைக்கு இதுவே தலையாய காரணமென நாம் கருதுகின்றோம்.

மாஸ்டா நிறுவனம் 2019இல் விற்பனைக்கு விட்ட எஞ்சின் இவ்விடத்தே இரு முறைகளையும் இணைத்தது. ஐரோப்பாவில் அறிமுகமானபோது அதன் நெருக்கல் விகிதம் 16.3. கலவை தானே பற்றும் எல்லைக்குச் சற்று இப்பால்வரை நெருக்கப்படும். பொறிச்செருகியின் அருகே மட்டும் எரிபொருள் சற்றுச் செறிந்திருக்கும். அங்கு பொறியால் எழும் தீக்கோளம் விரிந்து, இரண்டாவது முசலம்போல் எஞ்சிய கலவையை நெருக்க, அது தானே பற்றும். பொறி விழுங் கணத்தை மாற்றுவதால் தன்னெரிபற்றலின் கணமும் மாறும். குளிரிற் புறப்படும்போதும் சுமை மிகும்போதும் இவ்வெஞ்சின் பழைய பொறிமுறைக்கே மீளுகின்றது. தன்னெரிபற்றல் ஆய்வு தேவையற்றதாக்க முயன்ற பொறிச்செருகியே ஈற்றில் அதன் கடிவாளமாயிற்று.