சாரணர் கத்தியும் பால்வெட்டுக் கத்தியும்

கத்தி என்றவுடன் குற்றத்தை நினைப்பது இக்கால வழக்கமாகிவிட்டது. பந்திங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கோ கத்தி என்பது முதற்கண் சோறு. இருள் பிரியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்ற தாயின் கையில் இருந்தது அதுவன்றோ!

1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 ரப்பர் நாற்றுகள். அங்குத் தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். கத்தி ஆழ்ந்து இறங்கினால் உள்ளிருக்கும் வளர்திசு புண்படும்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; மறுமுறை அவ்விடத்தில் சீராக வெட்டவியலாது. ஆகவே அக்கத்தியின் திறம் வெட்டுவதில் இல்லை, நிறுத்துவதில் இருந்தது.

சாரணர் கத்தி வேறு வழியாக வந்தது. பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் பாசறை நடத்தினார். மறு ஆண்டே அவ்வியக்கம் பினாங்கில் கால்கொண்டது. இடைவாரில் தொங்கிய உறைக்கத்தி கூடார முளையைச் சீவவும், கயிற்றை அறுக்கவும், சுள்ளி பிளக்கவும் பயன்பட்டது. உடலுக்குப் புறம்பாகவே வெட்டுக. கைநீளத்திற்குள் எவரும் நில்லாதவாறு பார்த்துக்கொள்க. பிறரிடம் கொடுக்கும்போது பிடியை முன்னே நீட்டுக. வேலை முடிந்ததும் உறையிலிடுக. இவையே அதன் ஒழுக்கம்.

இளம் ஆசிரியனாக இருந்தபோது மோரிப் கடற்கரைப் பாசறைக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல முனைந்தேன். ஒரு தந்தை, “பிள்ளை கையில் கத்தியா, ஐயா?” என்று தயங்கினார். பால்மரம் வெட்டும் அவர் துணைவியார் குறுக்கிட்டார்: “நான் இத்தனை வருசமாகப் பிடிக்கிறேன், மரத்துக்கும் காயமில்லை, எனக்கும் காயமில்லை. சொல்லிக் கொடுத்தால் அவனும் பிடிப்பான்.” பயிற்சிக் கல்லூரியில் நான் கல்லாத பாடம் அது.

இன்று பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் தாக்குதற் கருவி ஏந்துவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அது வேண்டுவதே. கத்தி ஆசிரியர் காவலில் பாசறைப் பெட்டிக்குள் இருக்கட்டும். ஆனால் பயிற்சியையும் அப்பெட்டிக்குள் பூட்டிவிடலாகாது. கூர்மையைக் கையாளக் கல்லாத பிள்ளை, ஒருநாள் கற்பிப்பாரின்றி அதைக் கையிலெடுப்பான். அந்நாளில் அவனைக் காப்பது, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவன் தாயின் கை அறிந்திருந்த அந்த அறிவே.