நீல நிற 'இ'யும் நான் சொன்ன தவறான பதிலும்



போன வாரம் ஒரு பழைய மாணவன் போனில் கூப்பிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறான். "சார், வீட்டுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேனுங்க. தினப்படிக்கு எந்த பிரவுசர் வெச்சுக்கறதுங்க?" என்றான். "அதுலயே ஒண்ணு இருக்குமே கண்ணு, அது போதும்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஏறத்தாழ இருபது வருடத்துக்கு முன் இதே பிள்ளைக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

மடத்துக்குளம் பக்கம் நான் வேலை பார்த்த நடுநிலைப்பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். திரையில் இருந்த நீல நிற ஆங்கில 'இ' எழுத்தைக் காட்டி, "இதுதான் இன்டர்நெட்டுங்களா சார்?" என்று கேட்டான். "ஆமா, இதேதான்" என்றேன். "வேற இல்லீங்களா?" என்றான். "வேற எதுக்கு? இதை ஒழுங்காப் பாரு" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

அது இணையம் அல்ல. இணையத்தைப் பார்க்க உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான். ஊரையும் ஊருக்குப் போகும் பஸ்ஸையும் ஒன்றென்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தமாக இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதல் உலாவியை 1990-ல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக், படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பரவலானது. அடுத்த ஆண்டு நெட்ஸ்கேப் வந்தது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதே மாதத்தில்தான் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்தது. அதுதான் அந்த நீல 'இ'. விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. 1998-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. ஆனாலும் சில வருடங்களில் உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கையில் அதுதான் இருந்தது. அது மற்றவற்றைவிடச் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தவர்கள் அதில் எத்தனை பேர்? கையருகில் இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. அப்போது ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று எழுத்துக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. அப்படியும் பல தளங்கள் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் மட்டுமே தமிழாகத் தெரிந்தன. வேறொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தான். 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்தபோது நம்மவர்கள் ஆசையாக எடுத்துப் பார்த்தார்கள். சில பக்கங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்து பிரிந்து நின்றது. 2008-ல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இடையில் 'தமிழ்விசை', 'பத்மா' போன்ற இலவச இணைப்புகளைச் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தமிழ் எழுத்தே இல்லாத பழைய நோக்கியா போனிலும் ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றினால் தமிழைப் படமாக்கிக் காட்டும். உங்களில் பலர் அப்படிப் படித்திருப்பீர்கள்.

2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. வேகம் இருந்தது, வென்றது. பிறகு ஆண்ட்ராய்டு போன்களில் வாங்கும்போதே இருந்தது. மறுபடியும் அதே கதை! நீல 'இ' 2022 ஜூனில் விடைபெற்றது. அது உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது வேறொருவர், அவ்வளவுதான்.

இடையில் போனில் யூசி பிரவுசர் பெரிய ஆட்டம் ஆடியது. பக்கங்களைச் சுருக்கி அனுப்பி டேட்டாவை மிச்சம் பிடித்தது. அது பயனாளரின் விவரங்களைச் சரியான பாதுகாப்பின்றி வெளியே அனுப்புகிறது என்று 2015-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு தமிழ்ச் செய்தி சொல்லாமல் போனால் நான் வாத்தியார் இல்லை. உலாவி என்ற சொல்லில் இருப்பது 'உலா'. ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலா போன்ற நூல்களில் அரசன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து நிற்பார்கள். இன்றைக்கு வீதியில் போகிறவர்கள் நாம். நம்மைப் பார்த்து, எந்தக் கடையில் நின்றோம், எதை விலை கேட்டோம் என்று குறித்துக்கொள்பவர்கள் விளம்பரக்காரர்கள். யார் பார்க்கலாம், யார் கூடாது என்ற கதவு உலாவியின் கையில்தான் இருக்கிறது.

நம் ஊர் ஜோஹோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட உலாவியின் பெயரே 'உலா'. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக 1 கோடி ரூபாய் பெற்றதும் ஜோஹோதான். நமக்குப் பெருமைதான். ஆனால் அதன் அடித்தளம் கூகுள் தொடங்கிய குரோமியம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 முதல் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் அதன் மேல்தான் நிற்கிறது. ஃபயர்பாக்ஸுக்குத் தனி அடித்தளம். கடையில் பத்துப் பெயர் இருந்தாலும் நூல் வருவது இரண்டு மூன்று மில்லிலிருந்துதான். இது பனியன் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அந்த மாணவனிடம் கடைசியில் சொன்னது இது: "ரெண்டு வெச்சுக்க கண்ணு. பேங்க், வருமான வரிக்கு ஒண்ணு. அதுல வேற எந்த இணைப்பும் சேர்க்காதே. செய்தி, சமையல், சினிமாவுக்கு இன்னொண்ணு. ஏதாவது தளம் அறிவிப்பு அனுப்பட்டுமானு கேட்டா வேண்டாம்னு சொல்லு. அப்டேட் வந்தா தள்ளிப் போடாதே. என்ன பேரா இருந்தாலும் சரி, அமைப்புகளை ஒரு தடவை திறந்து பார்த்துட்டு நீயா தேர்ந்தெடு."

நான் ஃபயர்பாக்ஸும் உலாவும் வைத்திருக்கிறேன். நீங்களும் அதையே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "வேற இல்லீங்களா?" என்று கேட்ட பிள்ளையை அன்று அதட்டியது என் தவறு. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள். கூட உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.

நீங்கள் எது வைத்திருக்கிறீர்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். இப்போது திருத்துவது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் சார்