பச்சைக் கரண்டும் மொய் நோட்டும்

ஹூஸ்டன்ல புதுசா குடியேறின நண்பன் போன்ல கேட்டான்: "மச்சி, 100 சதவீதம் காத்தாலைக் கரண்டுன்னு ஒரு பிளான் இருக்கு. அதுக்குன்னு தனியா கம்பி இழுப்பாங்களா?"

சிரிச்சுட்டேன். ஆனா கேள்வி அப்படி ஒண்ணும் அசட்டுக் கேள்வி இல்லைங்க. பதில் 1999-ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம்தான் டெக்சாஸ்ல செனட் மசோதா 7 சட்டமாச்சு. கையெழுத்துப் போட்டவர் அப்போ ஆளுநரா இருந்த ஜார்ஜ் புஷ். எண்ணெய்த் தொழில்லேர்ந்து வந்தவர்! அதன்படி 2002 ஜனவரி 1 முதல் உற்பத்தி, கம்பி, சில்லறை விற்பனை மூணும் பிரிஞ்சது. கம்பி பழையபடி ஏரியாவுக்கு ஒரே கம்பெனி. கரண்டை யார்கிட்ட வாங்கறதுங்கறது மட்டும் நம்ம இஷ்டம். ஆஸ்டின், சான் அன்டோனியோ நகராட்சிகள் இதுல சேராம ஒதுங்கிக்கிச்சு.

அதே சட்டத்துல இன்னொரு ஷரத்து: 2009-க்குள்ள புதுசா 2000 மெகாவாட் பசுமை மின் நிலையங்கள் வரணும். கணக்கு வெக்க ஒரு சான்றிதழ். 1000 யூனிட்டுக்கு ஒண்ணு. இதைக் கரண்டிலேர்ந்து பிரிச்சுத் தனியாவே விக்கலாம்.

கிட்டத்தட்ட மொய் நோட்டு மாதிரிதான். பந்தியில எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நோட்டுல மட்டும் உங்க பேர். நண்பன் வீட்டுக்கு வர்றதும் நிலக்கரி, எரிவாயு, காத்து எல்லாம் கலந்த கரண்டுதான். அவன் செலவழிச்ச யூனிட்டுக்குச் சமமா கம்பெனி சான்றிதழ் வாங்கி, இன்னொருத்தர் உரிமை கொண்டாட முடியாதபடி கணக்கை முடிச்சுடும்.

சரி, அந்தக் காசுல காத்தாடி முளைச்சுதா? இங்கதான் சிக்கல். 2000 மெகாவாட் 2005-லயே தாண்டிடுச்சு. சான்றிதழ் குவிஞ்சு, 2010-க்கு அப்புறம் சில வருஷம் விலை ஒரு டாலர் பக்கத்துலயே கிடந்தது. மாசம் 1000 யூனிட் எரிக்கற வீட்டுக்கு ஒரே ஒரு டாலர்! அதுல காத்தாடி நட முடியாது.

நட்டது வேற. மத்திய அரசோட வரிச்சலுகை ஒண்ணு. மேற்கு டெக்சாஸ் காத்தை ஊருக்குள்ள கொண்டுவர, ஏறக்குறைய 700 கோடி டாலர்ல போட்ட உயரழுத்தக் கம்பிகள் இன்னொண்ணு. அது 2014 தொடக்கத்துக்குள்ள முடிஞ்சது. அந்தச் செலவு பச்சை பிளான்காரன், சாதா பிளான்காரன்னு பாக்காம எல்லார் பில்லுலயும் ஏறிச்சு. பசுமையே வேணாம்னவரும் மொய் எழுதியிருக்காரு, அவருக்கே தெரியாம.

2023-ல வந்த சட்டம் விற்பனைக் கம்பெனிகளுக்கு இருந்த கட்டாயத்தைப் படிப்படியா நீக்கிடுச்சு. விருப்பப்பட்டு வாங்கற சான்றிதழ்தான் மிச்சம்.

நண்பன்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு, "பிளான் பொய்யில்லடா. ஆனா சான்றிதழ் எந்த மாநிலத்துது, எந்த வருஷத்துதுன்னு கேட்டுட்டு எடு"ன்னேன்.

"அப்போ ஏசியைக் குறைச்சா?"

"அது மொய் இல்லடா. பந்தியில ஒரு இலையே குறையுது."