பெர்க்கிலிப் பள்ளியும் உரிமைக் கல்வியும்

பார்வையற்ற மாணாக்கர்க்குத் தற்சார்பினைக் கற்பித்தல் என்றவுடன் கைக்கோலும் புள்ளியெழுத்துமே பலர் நினைவிற்கு வரும். தம் உரிமையைத் தாமே எடுத்துரைக்கும் ஆற்றலும் கற்பிக்கத்தக்கதே என்பதற்கு, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரில் அக்காலத்தில் இருந்த பார்வையற்றோர் பள்ளியின் வரலாறு சான்றாகின்றது. அப்பள்ளியின் கணித ஆசிரியர் நியூவெல் பெர்ரி (1873–1961) ஆற்றிய பணியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இளமையிலேயே பார்வையிழந்த பெர்ரி அப்பள்ளியில் பயின்றவர். பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்று 1896இல் பட்டம் பெற்றார். செருமனியின் மியூனிக் பல்கலைக்கழகம் 1901இல் அவருக்குக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வழங்கியது. அத்தகுதியுடன் தாயகம் மீண்டவர்க்குப் பல்கலைக்கழக ஆசிரியப் பணி கிட்டவில்லை. புலமை இருந்தது, அதனை ஏற்பார் இலர். நியூயார்க்கு நகரில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தார். 1912இல் தாம் பயின்ற பள்ளிக்கே ஆசிரியராக வந்து, 1947 வரை பணிபுரிந்தார்.

அவர் முயற்சிகளுள் தலையாயது ஒன்றனை நோக்குவோம். அக்காலத்தில் கல்லூரி நூல்கள் புள்ளியெழுத்தில் கிடைத்தல் அரிதாயிருந்தது. ஆகவே பிறர் படித்துக்காட்டக் கேட்டே பயில வேண்டியிருந்தது. நண்பர் இரக்கங்கொண்டால் படிப்பு நடைபெறும். அவர் வாராத நாளில் நின்றுபோகும். படித்துக்காட்டுவோர்க்கு ஊதியமளிக்க அரசே பொருள் வழங்கும் சட்டம், பெர்ரியின் முயற்சியால் 1907இல் நியூயார்க்கிலும் 1913இல் கலிபோர்னியாவிலும் நிறைவேறிற்று. தற்சார்பு என்பது எவர் துணையுமின்றி வாழ்தல் என்று பொருள் கொள்வார் உளர். அஃது அன்று, பெறும் துணை பிச்சையாகாது உரிமையாதலே தற்சார்பு என்பது இச்சட்டங்களால் விளங்கும் உண்மை என்பது எம் துணிபு.

பெர்ரி வகுப்பறையில் கற்பித்தது கணிதமே. உரிமை என்றொரு பாடம் அங்கு இருந்ததில்லை. அவரைச் சூழ்ந்த மாணாக்கர் குழு அதனை அவரிடம் பழகிக் கற்றது. இதனைக் கூறும் சான்றுகளிற் பெரும்பாலன அவர்தம் மாணாக்கர் நன்றியுணர்வோடு உரைத்தவை. ஆதலின் ஓரளவு எச்சரிக்கையுடனேயே அவற்றைக் கொள்ளுதல் வேண்டும். எனினும் பின்விளைவுகள் ஐயத்திற்கு இடந்தாரா. 1934இல் கலிபோர்னியாப் பார்வையற்றோர் மன்றம் பெர்ரியின் தலைமையில் உருவாயிற்று. அவர் மாணவர் ஜேக்கபஸ் டென்புரோக் சட்டம் பயின்றார். 1940 நவம்பரில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரே நகரில் ஏழு மாநிலப் பேராளர் கூடித் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பைத் தோற்றுவித்தபோது, அவரே அதன் முதல் தலைவரானார். பார்வையற்றோர் பொருட்டுப் பிறர் பேசும் சங்கங்கள் முன்னரும் பல இருந்தன. இதுவோ பார்வையற்றோர் தாமே கூடித் தமக்காகப் பேசிய அமைப்பு.

பெர்ரி மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1966இல், கலிபோர்னியாச் சட்ட ஆய்விதழில் டென்புரோக் உலகில் வாழும் உரிமை குறித்து நீண்டதோர் கட்டுரை வரைந்தார். பார்வையற்றவர் தெருவில் நடந்து செல்கையில் தோண்டிய குழியில் வீழ்ந்தால், வீட்டிலிருந்து வெளிவந்தது அவர் பிழையா, காவலின்றிக் குழி தோண்டியவர் பிழையா என்பது அதன்கண் ஆராயப்பெறும் வினாக்களுள் ஒன்று.